பதில்: கிளுவை வேலியில் அடிச்சந்து

வணக்கங்க. தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டுல (மேய்ச்சல் காட்டுல) கிளுவை முள்மரத்தால ஆன உயிர்வேலி மேலே அடர்ந்திருக்கு, முழங்கால் உயரத்துக்குக் கீழே வெறும் தண்டு, ஆட்டுக்குட்டி நுழையுது, கம்பிவேலி போட்டுடலாமான்னு எழுதியிருந்தீங்க.

வருசா வருசம் தலையை மட்டும் மட்டம் தட்டியிருப்பீங்க. தழையெல்லாம் மேலே போய், நிழல்ல அடிக்கிளை காஞ்சிருக்கும். இனி ரெண்டு பக்கவாட்டையும் கழிங்க. அடி அகலமா, தலை குறுகலா நிக்கணும், வெயில் கீழே இறங்கணும்.

அதனால மட்டும் சந்து அடையாதுங்க, போத்து, அதாவது வேர் விட வெட்டி நடுற கிளை, நடணும். பெருவிரலை விடத் தடிமனான கிளையா நாலடிக்கு வெட்டி, வெட்டுவாய் காய நாலஞ்சு நாள் நிழல்ல போடுங்க. புரட்டாசி கடைசியில, மழைக்கு முன்னாடி, கடப்பாரையில ஓரடி குழி போட்டுப் பெருக்கல் குறி மாதிரி சாய்ச்சு நடுங்க. குறுக்கே வர்ற இடத்தைக் கத்தாழை நாரால கட்டி, அடிமண்ணைக் குதிகாலால நல்லா மிதிங்க. காத்துக்கு ஆடுற போத்து வேர் பிடிக்காது. நான் முதல் வருசம் மிதிக்காம விட்டதுல பாதி போச்சு.

கொடுவாளைச் சாணை பிடிச்சுக்குங்க. கீழிருந்து மேலாகச் சாய்வா, ஒரே வெட்டு. மேலிருந்து கொத்தினா பட்டை உரிஞ்சு தண்டோட இறங்கிடும். இடது கையில கவைக்கோல் (நுனி ரெண்டாப் பிரிஞ்ச குச்சி) இருக்கட்டும், கையால கிளையைப் பிடிக்காதீங்க. கிளுவை முள்ளு லேசுப்பட்டதில்ல.

கழிச்ச முள்ளைச் சந்துல அடைச்சு வைங்க, போத்து தழையற வரைக்கும் குட்டி வராது. கம்பிவேலி யோசனை இப்பத்திக்கு வேண்டாங்க.