ஏஐ ஏஜென்ட்டுக்கான ஏபிஐ ஆவணத்தை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை வாங்கும் வழி) ஆவணம் நன்றாக இருப்பதாக டெவலப்பர்கள் சொல்கிறார்கள். அதே ஏபிஐயை, சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தால் தடுமாறுகிறது. ஏன், ஐயா?

பதில்: டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்ட்டோ, ஆவணத்தில் எழுதாமல் விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு, பெரும்பாலும் தயக்கம் காட்டாமல் அடுத்த படிக்குப் போய்விடும். ஆகவே எழுதியிருப்பது சரியா என்று பார்ப்பதற்கு முன்பே, எழுதாமல் விட்டது எது என்றுதான் நான் தேடுவேன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஏஐ மாடலை வெளிச் சேவைகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஏஜென்ட்டை இயக்கும் அந்த மாடலின் முன் வைக்கப்படுவது முக்கியமாக டூலின் (மாடல் அழைக்கக்கூடிய ஒரு செயலின்) பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்த மதிப்பை எந்த வடிவில் தர வேண்டும் என்ற வரையறை) ஆகியவைதாம். உங்கள் தளத்தில் எவ்வளவு நல்ல வழிகாட்டி இருந்தாலும், அது தானாக அங்கே போய்ச் சேராது.

கேள்வி: ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓப்பன்ஏபிஐ ஸ்கீமாவில் எல்லாப் பாராமீட்டருக்கும் (அனுப்ப வேண்டிய ஒவ்வொரு மதிப்புக்கும்) வகையும் விளக்கமும் கொடுத்திருக்கிறோம். அது போதாதா?

பதில்: கட்டத்தை நிரப்புவது வேறு, விஷயத்தைச் சொல்வது வேறு. பணத்தைத் திருப்பித் தரும் ஒரு டூலைச் சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்தபோது, 'தொகை' என்ற பாராமீட்டருக்கு எதிரே 'திருப்பித் தர வேண்டிய தொகை, முழு எண்' என்று மட்டும் இருந்தது. 450 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னதும் ஏஜென்ட் 450 என்றே அனுப்பியது. அந்த ஏபிஐ எதிர்பார்த்ததோ பைசாக் கணக்கு. 4 ரூபாய் 50 பைசா திரும்பிப் போனது. ஏபிஐ 200 என்ற வெற்றிக் குறியீட்டைக் கொடுத்தது. வேலை முடிந்துவிட்டதாக ஏஜென்ட்டும் சொல்லிவிட்டது. எங்கும் எரர் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை. விளக்கத்தை 'பைசாவில், 450 ரூபாய் என்றால் 45000, கொடுக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்பும்' என்று திருத்திய பிறகு அந்தத் தவறு நின்றது.

இது ஒரு டூலின் தனிப் பழக்கம் அல்ல. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகள் தொகையை நாணயத்தின் மிகச்சிறிய அலகில்தான் கேட்கின்றன. ஜப்பானிய யென்னில் பைசா போன்ற அலகு புழக்கத்தில் இல்லாததால், ஸ்ட்ரைப்பில் 500 யென் என்றால் 500 என்றே அனுப்ப வேண்டும். நேரத்துக்கும் இதே சிக்கல் உண்டு: யூனிக்ஸ் நேரம் நொடிக்கணக்கு, ஜாவாஸ்கிரிப்ட் தருவதோ மில்லிநொடிக்கணக்கு. அலகு என்ன, வடிவம் என்ன, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாத பாராமீட்டரை விளக்கமே இல்லாததாகக் கணக்கிடுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டை எண்ணிக்கையாகக் காட்டச் சொல்கிறார் மேலாளர். எப்படி அளப்பது?

பதில்: வாடிக்கையாளர் உண்மையில் கேட்கும் வேலைகளில் இருபதைத் தேர்ந்தெடுத்து, அவர் பேசும் விதத்திலேயே எழுதுங்கள். 'வந்த மூன்று சட்டைகளில் ஒன்று கிழிந்திருக்கிறது, அதற்கு மட்டும் பணம் வேண்டும்' என்று இருக்கலாம். டூலின் பெயர் அதில் வரக்கூடாது. மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது என்பதால், ஒவ்வொரு வேலையையும் ஐந்து முறையாவது ஓட்டுங்கள். சரியான டூலைத் தேர்ந்ததா, சரியான மதிப்புகளை அனுப்பியதா, எரர் வந்தபின் மீண்டதா என்பவற்றைத் தனித்தனியாக எண்ணினால்தான் ஆவணத்தில் எந்த இடத்தைத் திருத்துவது என்று தெரியும். வேலை முடிந்ததா என்பதை ஏஜென்ட்டின் வாக்கைக் கொண்டு முடிவு செய்யாமல், டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். இருபதில் ஐந்தை ஒதுக்கி வைத்து, திருத்தமெல்லாம் முடிந்த பிறகு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த கேள்விக்கு மட்டும் பொருந்தும் ஆவணம் உருவாகிவிடும்.

கேள்வி: ஆவணத்தை இன்னொரு மாடலிடம் கொடுத்துப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லலாமா?

பதில்: மதிப்பெண்ணுக்கு வேண்டாம், சரளமான நடையைப் பார்த்து அது தாராளமாகக் கொடுத்துவிடக்கூடும். இந்த டூலைப் பயன்படுத்த உனக்கு இன்னும் என்னென்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். வரும் கேள்விகள் பயன்படும்.

கேள்வி: அப்படியானால் விளக்கத்தை நீளமாக எழுதிவிடலாமா?

பதில்: அளவு பாருங்கள். இணைத்த டூல்களின் விளக்கங்கள் பொதுவாக ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குள் போகின்றன. டோக்கன் (மாடல் உரையைப் படிக்கும் சிறு துண்டு) செலவாவதோடு, ஒன்றோடொன்று குழம்பவும் செய்யும். 'ஆர்டரைத் தேடு', 'ஆர்டரைப் பெறு' என்று இரண்டு இருந்தால், ஆர்டர் எண் தெரியாதபோது முதலாவது, தெரிந்தால் இரண்டாவது என்ற ஒரு வரி, பத்து வரி வருணனையைவிட மேலானது.

கேள்வி: எரர் செய்திகளும் ஆவணத்தில் சேருமா?

பதில்: கட்டாயம் சேரும். ஏஜென்ட் தவறு செய்த அந்த நொடியில் படிப்பது அதைத்தான். 'தவறான கோரிக்கை' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி அனுப்பும். 'தொடக்கத் தேதி 2025-03-01 என்ற வடிவில் வேண்டும்' என்று வந்தால் பெரும்பாலும் அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொள்ளும். 429 (கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்ற குறியீடு) வந்தால் எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும், பதில் வராமல் இணைப்பு அறுந்தால் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்புவது பாதுகாப்பானதா என்பதையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் சம்பந்தப்பட்ட டூலில் இந்தக் கடைசி வரி இல்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நான் அதை ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க மாட்டேன்.