‘ஜா ஃபெஷமுஷ்’ என்றால் மூடப் போகிறார்கள், ‘ஜா ஃபெஷாமுஷ்’ என்றால் மூடிவிட்டார்கள்

தம்பி, லிஸ்பனில் உணவக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், கூட வேலை செய்பவர்கள் “நாங்கள்” என்று ஆரம்பித்து எதையாவது சொன்னால் அது இப்போது நடப்பதா முடிந்துபோனதா என்றே பிடிபடவில்லை, செயலியில் படித்தபோது இரண்டும் ஒரே சொல்லாகத்தானே இருந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான செயலிகள் சொல்லித்தருவது பிரேசில் போர்த்துகீசியம். அங்கே இரண்டும் ஒன்றுதான், எழுத்திலும் சரி, பேச்சிலும் சரி. லிஸ்பனில் அப்படி இல்லை, பல வினைகளில் இரண்டுக்கும் ஒலி வேறு, அந்த வேறுபாட்டைக் காது பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஃபலார் (பேச), பகார் (பணம் கட்ட), ஃபெஷார் (மூட) என்று ‘ஆர்’ ஒலியில் முடியும் வினைகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பேசுகிறோம் என்றால் ஃபலமுஷ். பேசினோம் என்றால் ஃபலாமுஷ். எழுதும்போது கடந்த காலத்துக்கு அந்த ‘ஆ’ மேல் சாய்ந்த கோடு ஒன்று போடுவார்கள். அங்கே நீளம் முக்கியமில்லை, வாய் எவ்வளவு திறக்கிறது என்பதுதான் முக்கியம், ஆனாலும் நம் அகரம் பாதி திறந்த வாயிலும் ஆகாரம் நன்றாகத் திறந்த வாயிலும் வருவதால் குறில் நெடில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சீக்கிரமே வசப்படும். பேசும்போது மட்டும் ‘ஆ’வை இழுக்காதீர்கள், வாயைத் திறந்து சட்டென்று முடித்துவிடுங்கள்.

இடத்தைப் பார்த்து அர்த்தம் புரிந்துகொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், காரணம் ‘ஜா’ என்ற சின்னச் சொல். கடந்த காலத்தோடு வந்தால் அது “ஏற்கெனவே”, நிகழ்காலத்தோடு வந்தால் “இதோ, உடனே”. இரவு கடைசி நேரத்தில் ஒருவர் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் “ஜா ஃபெஷாமுஷ்” என்றால் மூடிவிட்டோம், அவர் திரும்பிப் போய்விடுவார். “ஜா ஃபெஷமுஷ்” என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடப்போகிறோம், அப்போது ஒரு காபி கிடைக்குமா என்று உள்ளே எட்டிப் பார்ப்பார். வீட்டு வாடகையிலும் இதே கதைதான்: “ஜா பகாமுஷ்” கட்டிவிட்டோம், “ஜா பகமுஷ்” இதோ கட்டுகிறோம். அங்கே ஓர் உயிரொலிதான் அர்த்தத்தைத் தாங்கி நிற்கிறது, சுற்றி இருக்கும் எந்தச் சொல்லும் உதவிக்கு வராது.

வாய் பழகும்வரை ஒரு வழி இருக்கிறது. பேச்சில் “நாங்கள்” என்பதற்கு ‘அ ஜெந்த்’ என்றும் சொல்வார்கள், அதற்கு வினை ஒருமையில் வரும்: கட்டுகிறோம் என்றால் அ ஜெந்த் பாக, கட்டினோம் என்றால் அ ஜெந்த் பகோ. இரண்டையும் யாரும் மாற்றிக் கேட்கவே முடியாது. நண்பர்களிடமும் வேலையிடத்திலும் தாராளமாகப் பேசலாம், அலுவலகக் கடிதத்தில் மட்டும் எழுத வேண்டாம்.

‘ஆர்’ ஒலியில் முடியாத மற்ற வினைகளில் கதை வேறு. சாப்பிடுகிறோம், சாப்பிட்டோம் இரண்டுக்கும் குமெமுஷ்தான், கிளம்புகிறோம், கிளம்பினோம் இரண்டுக்கும் பர்திமுஷ்தான். இங்கே போர்த்துகீசியர்களுக்கே வித்தியாசம் கிடையாது, அவர்களும் நேற்று, நாளை, இப்போது என்று ஏதாவது சேர்த்துத்தான் தெளிவாக்குகிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் முடியும், செய், இரு மாதிரி ஒழுங்கில் அடங்காத வினைகளில் மறுபடியும் வாய்தான் பேசுகிறது. “எங்களால் முடிகிறது”, “எங்களால் முடிந்தது” என்பதற்கான இரண்டு சொற்களுக்கும் எழுத்தில் ஒரே ஓர் உயிரெழுத்து மாற்றம்தான், அந்த முதல் அசையையும் லிஸ்பனில் ‘பு’ என்றே உச்சரிப்பார்கள், ஆகவே இரண்டும் புதெமுஷ் என்றே காதில் விழும். கவனித்துக் கேளுங்கள்: கடந்த காலத்தில் அந்த ‘எ’ தாடை இறங்கி அகலமாக வரும். செய்தோம், இருந்தோம், கொடுத்தோம் எல்லாவற்றிலும் அதே அகல ‘எ’.

இதற்கு நேர் எதிராக ஒன்று உண்டு, அதை மட்டும் தனியாக மனதில் வையுங்கள். “அவரால் முடிகிறது” என்பதில் ‘பொத்’ அகலமாக வரும். “முடிந்தது” என்பதில் உதட்டைக் குவித்து வரும், எழுத்தில் ‘ஒ’ மேல் ஒரு கூரைக்குறி. அந்தக் குறியை விடவே கூடாது. ஃபலாமுஷ் மேல் போடும் கோட்டை மட்டும் 1990-ல் கையெழுத்தான போர்த்துகீசிய எழுத்துமுறை ஒப்பந்தம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது, ஆனாலும் போர்ச்சுகலில் பெரும்பாலும் போட்டுத்தான் எழுதுகிறார்கள், நீங்களும் போடுங்கள்.

அப்புறம், போர்த்து, பிராகா என்று வடக்கே போனால் ஃபலமுஷ் ஃபலாமுஷ் வித்தியாசத்தைப் பலர் பார்ப்பதில்லை. உங்கள் சமையலறையில் பிரேசில்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் இருந்தால் காது குழம்புவது இயல்பு, அவர்கள் பேசுவது தவறும் இல்லை. பயிற்சிக்கு லிஸ்பன்காரர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லட்டும், நீங்கள் “நேற்று” அல்லது “இன்று” என்று பதில் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியில் அந்தேனா 1 வானொலியைக் கேளுங்கள், முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ‘முஷ்’ என்று முடியும் சொற்களை மட்டும் பிடியுங்கள். குடியுரிமைக்குக் கேட்கும் ஏ2 என்ற அடிப்படை மொழி நிலைக்கான சிப்லே தேர்விலும் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி உண்டு, அதில் ஒலிப்பது ஐரோப்பியப் பேச்சு, ஆகவே செயலியோடு நின்றுவிடாமல் இப்போதே இந்தக் காதைப் பழக்கத் தொடங்குங்கள். அரசு வேலைவாய்ப்பு நிறுவனமான ஐஇஎஃப்பி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் போர்த்துகீசியம் சொல்லித்தர நடத்தும் பிஎல்ஏ வகுப்பில் உங்கள் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேலை நேரத்தைச் சொல்லி மாலை வகுப்பு கேளுங்கள்.