அமெரிக்கக் கல்லூரிகள் அனுப்பும் நிதி உதவிக் கடிதங்களை ஒப்பிட்டு, உண்மையில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மகனுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு கல்லூரி மட்டும் மற்ற இரண்டையும் விடப் பெரிய தொகையை உதவியாகக் காட்டுகிறது, அதிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2025 மார்ச்சில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது.

"அப்பா, வருஷத்துக்கு 6,600 டாலர்தான்ப்பா கட்டணுமாம்!" என்று மகள் ஃபோனை நீட்டினாள். நல்ல பெயருள்ள தனியார் கல்லூரி. மொத்தச் செலவு 82,400, 'உங்களுக்கான உதவி' 75,800, மீதி 6,600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தில் மீதி 18,700. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவிதான் "இருங்க, எங்கேயோ இடிக்குது" என்று கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தாள்.

அந்த 75,800-க்குள் இருந்தவை இவை. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை 34,000. கல்லூரியின் சொந்த மானியம் 9,500. மாணவர் பெயரில் அரசுக் கடன் 5,500. வொர்க் ஸ்டடி, அதாவது படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் பணம், 2,800. கடைசியாக, 'பேரன்ட் பிளஸ்' என்று ஒரு வரி, 24,000. அந்தக் கடைசி வரி என்ன தெரியுமா? நானும் என் மனைவியும் எங்கள் பெயரில் வாங்கி, நாங்களே வட்டியோடு அடைக்க வேண்டிய கடன். அதையும் 'உதவி' என்று கூட்டிவிட்டு, மீதி 6,600 என்கிறார்கள். நம் பணத்தை நமக்கே கடனாகக் காட்டி வள்ளல் பட்டம் வாங்கிக்கொள்வது என்றால் இதுதான்.

திருப்பித் தர வேண்டாத, உழைத்துச் சம்பாதிக்கவும் வேண்டாத பணத்தை மட்டும் மொத்தச் செலவிலிருந்து கழியுங்கள். வேறு எதையும் கழிக்காதீர்கள். எங்கள் கணக்கில் 34,000-மும் 9,500-மும் சேர்த்து 43,500 மட்டுமே அப்படிப்பட்ட பணம். ஆக அந்தக் கல்லூரியின் உண்மையான செலவு, அதாவது நிகரச் செலவு, 6,600 அல்ல, 38,900.

5,500 அரசுக் கடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவருக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான். அதில் 3,500 வரை, படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும் வகையாக இருக்கலாம். மற்றதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கடன் கிடைக்கும் என்பதால், 'இவர்கள் 5,500 தருகிறார்கள்' என்று ஒரு கல்லூரிக்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை. வொர்க் ஸ்டடியும் சும்மா வராது. பிள்ளை நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வேலை தேடிப் பிடித்து, மணிக்கணக்கில் உழைத்தால் சம்பளமாக வரும். ஆகஸ்டில் வரும் பில்லைக் கட்ட அது உதவாது.

பேரன்ட் பிளஸ் இருப்பதிலேயே கனமான கடன். எங்கள் மகள் சேர்ந்த ஆண்டுக்கு வட்டி 8.94 சதவீதம், அது போக 4.228 சதவீதத்தைக் கட்டணமாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். 24,000 கடன் வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் கைக்கு வராமலே போய்விடும். 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் வங்கிக் கடன்தான்.

சரி, மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதம் யோக்கியமா? அதிலும் வேறு விதமான ஓட்டை. செலவு 29,200 என்று போட்டிருந்தார்கள். அது படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு மட்டும். புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு எதுவும் இல்லை. அவர்கள் இணையதளத்திலேயே வேறொரு பக்கத்தில் இவற்றுக்கு 3,800 என்று மதிப்பு போட்டிருந்ததைத் தேடி எடுத்தோம். ஆக 33,000. மானியம் 5,000-ஐக் கழித்தால் 28,000. கடிதங்களின்படி தனியார் கல்லூரி பன்னிரண்டாயிரம் மலிவு. எங்கள் கணக்கின்படி பதினோராயிரம் அதிகம். ஒரே சமையலறை மேஜையில், ஒரே மாலையில், எல்லாம் தலைகீழானது.

இது எங்கள் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. 2022-இல் வெளியிட்ட அறிக்கை, சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் இந்த நிகரச் செலவைக் கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன என்றது. 2018-இல் யுஆஸ்பயர், நியூ அமெரிக்கா என்ற இரு அமைப்புகள் கடிதங்களை அலசியபோது, அரசு வட்டி ஏற்காத அந்த ஒரே கடனுக்கு 136 விதமான பெயர்கள் இருந்தன. அதில் 24 பெயர்களில் 'லோன்' என்ற சொல்லே இல்லை! அதனால் புரியாத பெயர் எதைப் பார்த்தாலும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, "இதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

அப்புறம், முதல் வருடக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். நான் முதலில் செய்த தவறு அது. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். அந்தத் தனியார் கல்லூரியில் செலவு 4 சதவீதம் ஏறினால் கூடுதலாக வரும் 3,296 முழுவதும் நம் தலையில்தான் விழும். அதாவது நம் பங்கு 38,900-லிருந்து 42,196. நான்கு சதவீத ஏற்றம் நமக்கு எட்டரை சதவீதமாகிறது.

உதவித்தொகைக்கு நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். எங்களுக்கு வந்த மூன்றாவது கடிதம் வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தினுடையது. செலவு 51,500, உதவித்தொகை 22,000, ஆக 29,500. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குப் போடும் சராசரி மதிப்பெண், 3.5-க்குக் குறையக் கூடாது. மகள் எடுத்ததோ பொறியியல். என்னோடு வேலை செய்பவரின் மகன் வேறொரு கல்லூரியில் முதல் வருடம் 3.41 வாங்கி, ஆண்டுக்கு 15,000 போன கதையை நான் அருகிலிருந்து பார்த்தவன். அந்தப் பையன் ஒன்றும் மக்கு இல்லை. வேதியியல் ஒன்று சறுக்கிவிட்டது, அவ்வளவுதான். தீபாவளிக்கு இல்லாவிட்டாலும் நன்றி நாள் விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் விமானத்தில் வர வேண்டிய செலவையும் அந்தக் கல்லூரிக் கணக்கில் சேர்த்தோம்.

பிடித்த கல்லூரி எட்டவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். ஃபாஃப்சா என்பது அரசு நிதி உதவிக்குப் போடும் விண்ணப்பம். 2025-26-க்கான ஃபாஃப்சா 2023 வருமானத்தைத்தான் பார்க்கும். இடையில் என் மனைவியின் வேலை பாதி நேரமாகக் குறைந்திருந்தது. சம்பளச் சீட்டுகளோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். தனியார் கல்லூரி மானியத்தை 4,000 கூட்டியது. அப்போதும் 34,900, மாநிலப் பல்கலைக்கழகத்தை எட்டவில்லை. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளே மே 1-க்கு முன்னால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினாள்.

நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருந்து, மகன் உங்களைச் சார்ந்தவராக எச்4 விசாவில் இருந்தால் மத்திய அரசின் கடனும் மானியமும் கிடையாது. கல்லூரி தன் கையிலிருந்து தருவதை மட்டும் கணக்கில் எடுங்கள். நாங்கள் கிரீன் கார்டில் இருந்ததால் ஃபாஃப்சா வழி திறந்திருந்தது.

ஜூலையில் முதல் பில் வரும்போது மாணவர் மருத்துவக் காப்பீடு என்று ஒரு தொகை தானாக ஏறியிருக்கலாம். உங்கள் அலுவலகக் காப்பீட்டில் பையன் ஏற்கெனவே இருந்தால், விலக்கு விண்ணப்பம் போட்டு அதை பில்லிலிருந்து நீக்கச் சொல்லலாம். கெடு தேதி தாண்டினால் நீக்க மாட்டார்கள். எங்களுக்கு நான்கு நாள் மிச்சம் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது.