“எங்ககிட்ட திருட என்ன சார் இருக்கு?” – வாசகர் கேள்வி பதில்

ஏற்றுமதி நிறுவனங்கள், அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் யூனிட்டுகள், வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ், சரக்கு அனுப்பும் ஏஜென்ட் எல்லோரும் சேர்ந்து பாதுகாப்பை எப்படிக் கவனிப்பது என்று போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். பலர் பெயர் வேண்டாம் என்றதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். ஆபீசில் இருப்பது இரண்டு கம்ப்யூட்டர், டேலி கணக்கு, லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரி) பதிவுகள், அவ்வளவுதான். சைபர் பாதுகாப்பு, அது இது என்று எக்ஸ்போர்ட்டர் போட்டு நெருக்குகிறார். எங்ககிட்ட திருட என்ன சார் இருக்கு?

உங்களிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் வழியாகப் போனால் யாரிடம் போய்ச் சேரலாம் என்பதைத்தான் திருடுகிறவன் பார்ப்பான்.

2013 கடைசியில் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைச் சங்கிலியில் சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரம் திருடு போனது. வந்தவர்கள் டார்கெட்டின் கதவை நேராக உடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு குளிர்சாதன வேலை செய்யும் கம்பெனி, கடைகளுக்கு ஃப்ரிட்ஜ், ஏ.சி. போட்டுக் கொடுப்பவர்கள், பில் அனுப்புவதற்கும் கான்ட்ராக்ட் வேலைகளுக்கும் டார்கெட்டின் தளத்துக்குள் போய்வர ஒரு லாகின் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு கள்ள மெயில் வந்தது, அதன் வழியே லாகின் போனது, அங்கிருந்து படிப்படியாகக் கடைகளின் கல்லாப்பெட்டி மெஷின் வரை போய்விட்டார்கள். ஏ.சி. கம்பெனியும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் நினைத்திருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு பாதி உண்டு. டார்கெட்டின் பெங்களூரு குழுவுக்கு எச்சரிக்கை மணி அடித்தது, அவர்கள் அதை மினியாபொலிஸில் இருந்த தலைமையகத்துக்குச் சொன்னார்கள், அங்கே யாரும் அசையவில்லை என்று பிறகு செய்திகளில் வந்தது. சின்னவன் கவனமில்லாமல் இருந்தான், பெரியவன் கேட்கவில்லை, இரண்டும் சேர்ந்துதான் அந்த விபத்து. ஆகவே எக்ஸ்போர்ட்டர் நெருக்கினால் நீங்களும் ஒன்று திருப்பிக் கேளுங்கள்: “சந்தேகமாக ஏதாவது பார்த்தால் நான் உங்கள் ஆபீசில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?” அதற்கு அவரிடம் ஒரு பெயரும் நம்பரும் இல்லை என்றால், அவர் வேலையையே அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பையர் அனுப்பும் பாதுகாப்புக் கேள்வித்தாளை நாங்கள் ‘ஆம்’ ‘ஆம்’ என்று டிக் அடித்து அனுப்புகிறோம், அதையே காப்பி எடுத்து யூனிட்டுகளுக்கு அனுப்புகிறோம், அவர்களும் ‘ஆம்’ ‘ஆம்’. இதனால் என்ன பயன்?

ஃபைலுக்குப் பயன். உண்மையைச் சொல்ல நினைத்தீர்களே, அதற்கே நன்றி.

‘இல்லை’ என்று எழுதினால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தக் கட்டத்திலும் ‘இல்லை’ வராது. இது யூனிட்காரரின் நேர்மைக் குறைவு இல்லை, கேட்கிற முறையின் கோளாறு. அடுத்த முறை அந்தக் கேள்வித்தாளை அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேருங்கள்: ‘இல்லை என்று சொல்லும் விஷயங்களுக்கு ஆர்டர் குறையாது, எத்தனை மாதத்தில் சரிசெய்யலாம் என்று சேர்ந்து பேசுவோம்.’ சொன்னபடி நடக்கவும் வேண்டும், முதலில் ‘இல்லை’ எழுதிய யூனிட்டுக்கு என்ன ஆகிறது என்று மற்ற எல்லா யூனிட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், டீக்கடையில் அன்றைக்கே பேச்சு வந்துவிடும்.

அப்புறம், அத்தனை கேள்வியும் எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் டெக் பேக்கையும் (ஆடையின் அளவு, தையல் விவரம்) டிசைன் ஃபைலையும் வாங்குகிற பிரிண்டிங் யூனிட்டுக்கு ஒரு மாதிரி, வெறும் துணியை வாங்கி காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது) செய்து திருப்பித் தருகிறவருக்கு வேறு மாதிரி. உங்கள் சர்வருக்குள்ளோ மெயிலுக்குள்ளோ கை நீட்டக்கூடியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டால் அது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும். அவர்களிடம் மட்டும் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். பையருக்கு எங்கள் பெயரில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு மெயில் போயிருக்கிறது. அவரும் பணத்தை அதற்கு அனுப்பிவிட்டார். இப்போது அவர் எங்களைத் திட்டுகிறார், நாங்கள் அவரைத் திட்டுகிறோம். யார் மேல் தப்பு?

நஷ்டம் யாருடையது என்பது உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் சண்டையை இன்றைக்கு ஒத்தி வையுங்கள். பையர் உடனே தன் வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெறச் சொல்லி எழுத வேண்டும், அவர் ஊர் போலீசில் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். இதில் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. பணம் அந்தக் கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரைத் திட்டுவது என்ற கேள்வி கொஞ்சம் தணியும். உங்கள் இருவரில் யாரோ ஒருவரின் மெயில் பாஸ்வேர்ட் எப்போதோ போயிருக்கும். உள்ளே வந்தவன் ஒன்றும் செய்ய மாட்டான், சும்மா படித்துக்கொண்டிருப்பான், வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு காப்பி வருகிற மாதிரி ஃபார்வர்ட் போட்டு வைத்திருப்பான். பி.ஐ. (சரக்குக்கு முன்னால் அனுப்பும் புரொஃபார்மா பில்) எப்போது போனது, சரக்கு எப்போது ஏறியது, பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எப்போது வரும், நீங்கள் பையரை ‘டியர்’ போட்டு எழுதுவீர்களா, பேர் சொல்லி எழுதுவீர்களா, எல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் வரவேண்டிய வாரத்தில், உங்கள் முகவரி மாதிரியே இன்னொரு முகவரியில் இருந்து, அதாவது ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்கும் இடத்தில் ‘ஆர்’ ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டு, அதே பேச்சின் தொடர்ச்சியாக ஒரு மெயில்: ‘ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் போடாதீர்கள்.’ கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது.

இரண்டு பக்க மெயில் பெட்டியிலும் யாருடையது என்று தெரியாத ஃபார்வர்ட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் படம் எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி, போனில் இரண்டாவது உறுதி கேட்கும் வசதியைப் போடுங்கள். இனி எல்லா பி.ஐ.யிலும் தடித்த எழுத்தில் ஒரு வரி அச்சடியுங்கள்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம். அப்படி மெயில் வந்தால் பணம் அனுப்பாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் நம்பருக்குக் கூப்பிடுங்கள்.’ ஏற்கெனவே உள்ள நம்பர் என்பதுதான் முக்கியம், வந்த மெயிலிலேயே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் அவனே எடுத்து “ஆமாம் சார், மாறிடுச்சு” என்பான். இதே கட்டுப்பாடு நீங்கள் நூல் மில்லுக்குப் பணம் அனுப்பும்போது உங்களுக்கும் உண்டு.

இருபது வருஷமாகப் பழகும் நூல்காரர் ஒருவர் புதுக் கணக்கு நம்பர் அனுப்பினார். போன் போட்டு உறுதி கேட்டேன். “என்ன தம்பி, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளித்துவிட்டார். இப்படிக் கேட்பதே அவமானம் என்று நினைக்கும் ஊரில் என்ன செய்வது?

நீங்கள் செய்தது சரி. ஆனால் சிலரிடம் கேட்டு, சிலரிடம் கேட்காமல் விட்டால் அது அவமானமாகத்தான் தெரியும். எல்லோரிடமும் கேளுங்கள், மாமனாராக இருந்தாலும் கேளுங்கள், நாலு மாதத்தில் பழகிவிடும். “அண்ணா, உங்கள் மேல் சந்தேகம் இல்லை, உங்கள் பேரில் வந்த மெயில் மேல்தான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை அவரே போன் செய்வார்.

கோவையில் வாகன உதிரிபாகம் செய்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறோம். எங்கள் கம்ப்யூட்டர்களில் ஃபைலையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்துவிட்டது. பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். பார்ட்டியிடம் சொல்ல வேண்டாம், பேர் கெட்டுவிடும் என்கிறார் அப்பா. சொல்லலாமா?

சொல்லுங்கள். அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது, அது வெறும் பயமும் இல்லை, சொன்னவனைத் தண்டித்த கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து தரும் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியில் 2022 பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு சர்வர் கோளாறு. பார்த்தால் வைரஸ், கூடவே மிரட்டல் செய்தி. உள்ளே வந்த வழி, அவர்களுடைய ஒரு துணை நிறுவனம் வெளியாரோடு தொடர்புகொள்ள வைத்திருந்த ரிமோட் கருவி. கோஜிமா தன் நெட்வொர்க்கையே அணைத்தது. பாகங்களுக்கு ஆர்டர் எடுக்கிற சிஸ்டம் ஓடவில்லை, அதனால் மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் இருந்த தன் 14 தொழிற்சாலைகளையும், 28 உற்பத்தி லைன்களையும் நிறுத்தியது. சுமார் 13,000 வண்டிகள் அன்றைக்கு வெளியே வரவில்லை. மறுநாளே மாற்று வழியில் ஓட ஆரம்பித்தார்கள்.

ஒரே நாளில் எழுந்ததற்குக் காரணம் மறைக்காததுதான் என்பது என் கணிப்பு. சும்மா “சிஸ்டம் டவுன், நாளைக்குப் பார்க்கலாம்” என்று இழுத்திருந்தால் அடுத்தவர்களும் மாட்டியிருக்க இடம் உண்டு. உங்கள் விஷயத்திலும் அதுதான் கேள்வி: உள்ளே வந்தவன் பூட்டுவதற்கு முன்னால் என்னென்ன படித்தான், பார்ட்டியின் டிராயிங், அவர்கள் தளத்துக்கான உங்கள் லாகின், இதெல்லாம் அவன் கையில் போயிருக்கலாம். பேக்கப் போட்டு நீங்கள் எழுந்துவிட்டீர்கள், அவர்களுக்கு இன்னும் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமாகிவிட்டது என்று இன்னும் தாமதிக்க வேண்டாம். பார்ட்டிக்குச் சொல்லும்போது நாலு விஷயம் போதும், என்று நடந்தது, எந்தெந்த மெஷின், அவர்கள் லாகின் அதில் இருந்ததா, இப்போது என்ன செய்திருக்கிறீர்கள். முதலில் போன், பிறகு எழுத்தில்.

பெரிய கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: இந்த அப்பாவின் பயத்துக்கு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் அபராத வரிகளும் ஒரு காரணம். தாமதமாகச் சொன்னதற்கு அபராதம் போடுங்கள், சொன்னதற்குப் போடாதீர்கள்.

எங்கள் கணக்கைப் பார்க்கிறவர் எல்லா கிளையன்டின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டையும் ஒரே எக்செல்லில் வைத்திருக்கிறார். ஓ.டி.பி. வந்தால் வாட்ஸ்அப்பில் கேட்பார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், விட்டுவிடலாமா?

எல்லோரும் செய்வதால்தான் ஆபத்து. பல பேருக்குப் பொதுவான ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலையைப் பாருங்கள். சின்ன வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் சிஸ்டத்தில் ரான்சம்வேர் புகுந்தது, பரவக் கூடாதென்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. அதைத் துண்டித்தது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப் பரிமாற்றம் தடைபட்டது. அந்த வங்கிகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவரிடம் சண்டை போடாமல், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், செலவில் பங்கு தருகிறேன் என்று சொல்லுங்கள். இதைத்தான் நம் ஆட்கள் யோசிப்பதில்லை, கட்டளை மட்டும் போடுவார்கள். ஓ.டி.பி.யைப் போனில் குரலைக் கேட்ட பிறகே சொல்லுங்கள். டேலி பார்க்க வருகிற ஆளுக்கு எப்போதும் திறந்திருக்கும் எனிடெஸ்க் (தூரத்தில் இருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) பாஸ்வேர்ட் கொடுத்து வைத்திருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், வேண்டும்போது நீங்கள் அனுமதி கொடுத்தால் போதும்.

கம்ப்யூட்டர் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறோம். அமெரிக்கா சரக்கு என்றால் சீல், போட்டோ என்று உயிரை வாங்குகிறார்கள். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதே நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சி-டிபாட் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அதில் சேர்ந்த இறக்குமதியாளர், தன் சரக்கு வரும் வழியில் இருக்கும் பார்ட்னர்களும் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தச் சங்கிலியில் நீங்களும் இருக்கிறீர்கள். நம் ஊர்ச் சுங்கத்துறை நம்பகமான வணிகர்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.இ.ஓ. திட்டமும் இதே வழிதான்.

வேலை என்னவோ எளிதுதான். ஏற்றுவதற்கு முன் பெட்டியின் முன்சுவர், இரண்டு பக்கம், தரை, கூரை, கதவு, அடிப்பாகம் என்று ஏழு இடம் பார்ப்பது. ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் உள்ள போல்ட் சீல் போட்டு, கண்ணால் பார்த்து, நம்பரைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, இழுத்து, திருகிப் பார்ப்பது. டிரைவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ‘ரூல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வழியில் யாரோ பெட்டியில் எதையாவது வைத்தால் முதலில் விசாரிக்கப்படுவது அவர்தான், மில் கேட்டில் எடுத்த அந்தப் போட்டோதான் அவருக்குச் சாட்சி. இதைச் சொன்னால் அவரே போட்டோ எடுப்பார். இன்னொன்று, ராத்திரி சீல் நம்பர் ஒத்துவராவிட்டால் டிரைவர் யாருக்குப் போன் செய்வது, வண்டி லேட் ஆனால் அந்த வெயிட்டிங் சார்ஜ் யார் தலையில் என்பதையும் எக்ஸ்போர்ட்டரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.