சாவியில் கோளாறு இல்லை, வீடுதான் திறந்து கிடக்கிறது

கேள்வி: அண்ணாச்சி, வண்ணார்பேட்டை கடை சர்வரில் இருந்து எங்கள் அரிசி மில் சர்வருக்கு ராத்திரி தோறும் கணக்கு ஃபைல்களை ஆர்சிங்க் என்ற நகல் எடுக்கும் புரோகிராம் மூலம் அனுப்புகிறோம். பாஸ்வேர்டு வேண்டாம் என்று எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் இன்னொரு சர்வருக்குள் நுழைய உதவும் சாவி ஃபைல்) போட்டு, இரண்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரத்தில் இருந்து மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. மூன்று தடவை புது கீ போட்டுப் பார்த்துவிட்டேன். என்னதான் செய்ய?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, நாலாவது கீ போட வேண்டாம். இரண்டு மாதம் திறந்த சாவி ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. கடை சர்வரில் என்ன மாறியது என்று தேடுவதற்கு முன்னால், மில் சர்வரில் யார் கை வைத்தார்கள் என்று கேளுங்கள்.

அனுப்புகிற பக்கம் ‘பர்மிஷன் டினைடு’ என்பதற்கு மேல் காரணம் தெரியாது. உள்ளே வரப் பார்ப்பவர் யாரோ எவரோ, அவரிடம் விவரம் சொல்லக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். காரணம் வாங்குகிற பக்கத்து லாகில், அதாவது மில் சர்வரின் பதிவு ஃபைலில் இருக்கும். மில் சர்வரில் இருப்பது உபுண்டு லினக்ஸ் என்றால் வார் லாக் ஃபோல்டரில் (/var/log) ‘ஆத் லாக்’ (auth.log), ரெட் ஹேட் வகை லினக்ஸ் என்றால் அதே ஃபோல்டரில் ‘செக்யூர்’ (secure).

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இதே தொல்லைக்கு நான் மூன்று மணி நேரம் கீயையே மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் லாகைத் திறந்தால், ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி’ (ஃபோல்டரின் சொந்தக்காரரோ உரிமையோ சரியில்லை) என்று ஒரே ஒரு வரி. ஸ்கேன் ஃபோல்டர் திறக்கவில்லை என்று அங்கிருந்த பையன் அந்த யூசரின் ஹோம் ஃபோல்டர் (யூசரின் சொந்த ஃபோல்டர்) முழுக்க 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்திருந்தான். ஹோமில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், உங்கள் எஸ்எஸ்எச் ஃபோல்டரை நகர்த்திவிட்டுத் தன் கீயோடு இன்னொன்றை வைத்துவிடலாம் அல்லவா? அதனால் சர்வர் அந்த கீயைப் பார்க்கவே மறுத்துவிடுகிறது.

ஆகவே மில் சர்வரில் ஹோமுக்கு 755 (மற்றவர்கள் பார்க்கலாம், எழுத முடியாது), எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதற்குள் அனுமதித்த கீகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 (இரண்டும் அந்த யூசருக்கு மட்டும்) என்று உரிமையை மாற்றுங்கள். மூன்றும் அந்த யூசர் பெயரிலேயே இருக்க வேண்டும், ரூட் (சர்வரின் தலைமை யூசர்) பெயரில் இருந்தால் மாற்றிவிடுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. இந்த உரிமைச் சோதனையை நடத்தும் ‘ஸ்ட்ரிக்ட் மோட்ஸ்’ என்பதை ‘நோ’ ஆக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது பூட்டைக் கழற்றி வைப்பது.

லாகில் அந்த வரி இல்லையா? சரி, கடை சர்வரை சமீபத்தில் அப்டேட் செய்தீர்களா என்று பாருங்கள். 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் புரோகிராம்) 8.8 முதல், எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறைக் கையெழுத்தோடு வரும் ஆர்எஸ்ஏ வகை கீ தானாக வேலை செய்யாது. மில் சர்வர் ரொம்பப் பழசாக இருந்தால் அங்கே இடிக்கும். இடி25519 வகையில் ஒரு கீ போடுங்கள், அது 2014 முதலே இருக்கிறது.

கையால் ஓட்டினால் போகிறது, ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) மட்டும் நிற்கிறது என்றால், கிரான் வேறு யூசர் பெயரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அந்த யூசரின் கீயைத்தான் மில்லில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஸ்கேன் ஃபோல்டர் மாதிரி பல பேர் எழுத வேண்டியது மில்லிலும் இருந்தால், அதை ஹோமுக்கு வெளியே தனியாக வைத்து ஒரு குரூப்புக்கு மட்டும் உரிமை கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே யாராவது மறுபடி 777 போடுவார்கள்.