பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். கணவர் 2018 மாடல் வோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் வேன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அதைக் கேம்பர்வேனாக, அதாவது படுக்கை, அடுப்போடு தங்கிப் பயணம் போகும் வேனாக, மாற்ற வேண்டும். கென்ட் பக்கம் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் என்று குடும்பமாக நடத்தும் ஒரு பட்டறை 19,000 பவுண்டு கேட்கிறது. ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம். பெரிய நிறுவனம் ஒன்று 27,000 பவுண்டுக்கு ஆறு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறது. பட்டறையில் முடித்து வைத்திருந்த வேனைப் பார்த்தோம், கண்ணைப் பறித்தது. பிள்ளைகளுக்கு எட்டு வயது, ஐந்து வயது. கோடையில் யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் என் அம்மாவுக்காக, பக்கவாட்டுப் பெஞ்சு ஒன்றை பெல்ட்டோடு போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: பெஞ்சைத் தவிர மற்ற எதிலும் எனக்கு இன்னும் பயம் வரவில்லை. பெஞ்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விலைக் குறைவை வைத்துத் தரத்தைச் சந்தேகப்பட வேண்டாம். குடும்பப் பட்டறைக்கு ஷோரூம் வாடகை இல்லை, விற்பனையாளர் சம்பளம் இல்லை. ஐந்து மாதக் காத்திருப்பும் பெரும்பாலும் நல்ல சேதிதான். கையில் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழில் தொடங்கியதே இப்படிப்பட்ட இடங்களில்தான். கென்டிலேயே ஃபோக்ஸ்டோனில் வண்டிக்கூடு கட்டிக்கொண்டிருந்த மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் 1950களில் டோர்மொபைல் என்ற பெயரில் வேன்களை வீடாக்கியது. அதே பத்தாண்டில் டெவனில் சிட்மத் ஊரின் ஒரு தச்சு நிறுவனமும் இதில் இறங்கியது.

நீங்கள் செய்த ஒரே தவறு, முடிந்த வேனைப் பார்த்தது. முடிந்த வேன் எல்லாமே அழகுதான். வால்நட் நிற லாமினேட்டும் எல்இடி விளக்கும் யார் ஒட்டினாலும் பளபளக்கும். இன்னொரு தடவை போங்கள். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும் வேனைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டினால் பாதித் தேர்வில் பாஸ். "வாடிக்கையாளர் வண்டி, காட்டக் கூடாது" என்றால், பலகை போட்டு மூடும் முன் எடுத்த படங்களையாவது கேளுங்கள். ஒவ்வொரு வண்டியையும் அப்படிப் படம் எடுத்து, சாவியோடு சேர்த்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்து ஒரு விளக்கு எரியவில்லை என்றால், வயர் எந்தப் பக்கம் போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

பாதி வேனில் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலுக்காக வெட்டிய தகரம். வெட்டின ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். அரத்தால் பிசிறு எடுத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் கண்ணாடியை ஒட்ட வேண்டும். அவசரக்காரர் வெட்டின சூட்டோடு பசையை இழுத்து ஒட்டிவிடுவார், வெளியே ஒன்றும் தெரியாது. நான் 2016இல் வாங்கிய என் முதல் வேன் அப்படித்தான். இரண்டாவது குளிர்காலத்தில் ஜன்னல் ரப்பருக்குக் கீழே பழுப்பாக ஒரு கண்ணீர்க் கோடு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் வெட்டின ஓரம் முழுக்க துரு. அதோடு, வெட்டும்போது பறந்த இரும்புத் தூளை யாரும் உறிஞ்சி எடுக்கவில்லை. அது கதவின் அடிப் பள்ளத்தில் கிடந்து, தான் துருப்பிடித்ததோடு நிற்காமல் பெயிண்டையும் தின்றிருந்தது. ஆகவே பட்டறைக்காரரிடம் ஒரே கேள்வி: "வெட்டும்போது தூள் எங்கே போகும்?" நல்ல வேலைக்காரர் சிரித்துக்கொண்டே, வண்டியை எப்படித் துணியும் டேப்பும் போட்டு மூடுவேன் என்று பத்து நிமிஷம் பேசுவார்.

அடுத்து, குளிர் தடுக்கும் பஞ்சு அல்லது ஃபோம். பிரிட்டனில் இரவு ஒரு வேனுக்குள் நாலு பேர் மூச்சு விட்டால் காலையில் தகரத்தில் தண்ணீர் வழியும். தண்ணீரை உறிஞ்சாத, மூடிய துளை உள்ள ரப்பர் ஃபோமைத் தகரத்தோடு காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறார்களா, தகர எலும்புகளையும் மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். கதவுக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை அடைத்திருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

எனக்கு அதிகம் மனசு போவது வயரிங்கில். புகார் அதிகம் வருவதும் அங்கேதான். ஒரு கணக்குச் சொல்கிறேன். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பேட்டரியில் இருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. மின்சாரம் போய் வர 12 மீட்டர் செம்பு. அதற்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலைந்துபோகும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.2 கூடப் போகாது. மெல்லிய வயர் போட்ட வேனில் பேட்டரி நிறைந்திருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும், வோல்ட் போதவில்லை என்று ஃபிரிட்ஜ் தானாக நின்றுவிடும். நள்ளிரவில் பால் திரிந்து போகும், காலையில் எல்லாரும் ஃபிரிட்ஜைத் திட்டுவார்கள். வயர் பலகைக்குப் பின்னால் சும்மா இருக்கும்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. நடுவில் எங்கோ போட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள துண்டுக்குக் காவல் இல்லை. தகரத் துளைக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, வயர் முனையில் அழுத்திப் பொருத்திய லக் என்ற உலோக முனை இழுத்தால் கழன்று வராமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். நீங்களே இழுத்துப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் 2018 வண்டியில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) பெரும்பாலும் தேவைக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைத்துக் கூட்டும் ரகமாக இருக்கும். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் பழைய ரிலே சுவிட்ச் போட்டால், ஃபிரிட்ஜையும் விளக்கையும் ஓட்டும் வீட்டு பேட்டரி சரியாக ஏறாது. அந்த வோல்ட்டைச் சரிசெய்து ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். விலைப்பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கேம்ப்சைட் 230 வோல்ட் இணைப்புக்கு மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி பாதுகாப்பும், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட சோதனைச் சான்றும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

கேஸ் விஷயத்தில்தான் குடும்பப் பட்டறைகள் சறுக்கும். தச்சு தெரிந்த அப்பா, வெல்டிங் தெரிந்த மகன், மெத்தை தைக்கும் அம்மா: எல்லாம் சரி, கேஸ் யார் செய்கிறார்? "நாங்களே பார்த்துக்குவோம்" என்றால் போதாது. கேஸ் வேலைக்காரர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு அட்டையைக் கேட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கே இருக்கும். எல்பிஜியும் கேரவன் வகை வாகனங்களும் அதில் இருக்க வேண்டும். வீட்டு பாய்லர் தகுதி இதற்கு உதவாது. வெளியாளைக் கூப்பிட்டுச் செய்வதாகச் சொன்னால் அதுவே நேர்மையான பதில். சிலிண்டர் பெட்டி வேனின் உள்பக்கம் காற்றுப் புகாதபடி மூடியிருக்க வேண்டும், அடியில் வெளியே திறக்கும் துவாரம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். இந்த அளவு வேனில் பெரும்பாலும் 2.75 கிலோ நீலச் சிலிண்டர்தான் வைப்பார்கள். அதில் இருப்பது பியூட்டேன், பூஜ்ஜிய டிகிரியை நெருங்கினால் ஆவியாகாது. டிசம்பரில் ஸ்காட்லாந்து போய் டீ போட நினைத்தால் அடுப்பு எரியாது, பட்டறையைக் குறை சொல்லாதீர்கள். டீசல் ஹீட்டரோ அடுப்போ எது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும், வாகனங்களுக்கான தரம் இஎன் 50291-2 என்று அதன் மேல் போட்டிருக்கும்.

இப்போது உங்கள் அம்மாவின் பெஞ்சு. வேண்டாம். நிறுத்தி வைத்த வேனில் உட்கார்ந்து தேநீர் குடிக்கப் பக்கவாட்டுப் பெஞ்சு அருமை. ஓடும் வேனில் அது ஆபத்து. பெல்ட் போட்டாலும், முன்னால் மோதும்போது உடல் பக்கவாட்டில் திருகி, பெல்ட்டே கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும். வயதானவரை அதில் உட்கார வைத்து எம்25 நெடுஞ்சாலையில் ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். முன்னால் கம்பெனி கொடுத்த இரட்டைப் பயணி இருக்கை இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். அம்மா அங்கே, நீங்கள் பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். அது இல்லை என்றால், பின்னால் மூவர் உட்காரும் படுக்கை-இருக்கை போடச் சொல்லுங்கள்.

பின் இருக்கை எதுவானாலும் எம்1 (பயணிகள் கார் வகை) சோதனை செய்ததாக இருக்க வேண்டும். இருக்கையையும், அதைப் பொருத்திய தரையையும் சேர்த்து, விபத்தில் வரும் விசைக்கு நிகராக இழுத்துப் பார்ப்பார்கள். அதனால் "இருக்கைக்குச் சான்று இருக்கிறது" என்பது பாதிப் பதில்தான். உங்கள் மாடல் வேனின் தரையில், இதே போல்ட், இதே அடித்தகடோடு சோதித்தார்களா என்று கேளுங்கள். வேனுக்குக் கீழே குனிந்து பாருங்கள். போல்ட்டுக்கு அடியில் உள்ளங்கை அகல எஃகுத் தகடு தெரிந்தால் நல்லது. பத்து பென்ஸ் நாணயம் அளவு வாஷர் மட்டும் தெரிந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். (அம்மா இரவில் எங்கே படுப்பார் என்று நீங்கள் எழுதவில்லை. கீழே இருவர், உயரும் கூரையில் பிள்ளைகள் இருவர். ஐந்தாவது ஆளுக்குக் கூடாரம்தான். இப்போதே பேசி முடியுங்கள்.)

மரவேலையில் எல்லாரும் கண்ணை வைப்பார்கள், நான் கையை வைக்கச் சொல்வேன். அலமாரிக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத பின் ஓரத்தைத் தடவுங்கள். அங்கேயும் ஓரப்பட்டை ஒட்டியிருந்தால் அந்த மனிதர் உங்கள் கண்ணுக்காக மட்டும் வேலை செய்யவில்லை. பலகை எடை குறைந்த பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃபா என்று கேளுங்கள். எம்டிஎஃப் கனம், ஈரம் பட்டால் ஊதும். இழுப்பறைகள் பொத்தானை அழுத்தினால் மட்டும் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ரவுண்டானாவில் கரண்டி எல்லாம் தரையில்.

எடை முக்கியம். கதவுத் தூணில் உள்ள தகட்டில் அனுமதித்த மொத்த எடை இருக்கும். அது 3000 கிலோ, முடிந்த வேன் எடை மேடையில் 2450 கிலோ என்று வந்தால், மிச்சம் 550. ஐந்து பேர், 40 லிட்டர் தண்ணீர், கூடாரம், அரிசி, கறிச்சட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எடைச் சீட்டோடு வண்டியைத் தரச் சொல்லி இப்போதே எழுதி வாங்குங்கள்.

பதிவுப் புத்தகத்தில் "மோட்டார் கேரவன்" என்று மாற்றித் தருவோம் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். 2019க்குப் பிறகு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ வெளித்தோற்றத்தையும் பார்க்கிறது. நிலையான உயரக் கூரை இல்லாத டிரான்ஸ்போர்ட்டர்கள் பல, "ஜன்னல் வைத்த வேன்" என்றே நின்றுவிடுகின்றன. அதனால் வேலை மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

பணத்தை ஒரே மூச்சில் கொடுக்க வேண்டாம். முன்பணம், வயரிங் முடிந்து பலகை மூடும் முன் ஒரு தவணை, கடைசியில் மிச்சம். இந்த நடுத் தவணைக்கு நீங்கள் நேரில் போய் நின்று பார்த்த பிறகுதான் பணம் என்று வையுங்கள். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றுக்கு, ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பாகும். உங்கள் 19,000 அதற்குள் வருகிறது. குடும்பப் பட்டறையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வேலை ஒரு வாரம் தள்ளும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறையே மூடினால் இந்தக் கார்டுதான் துணை.

வண்டியை எடுக்கும் நாள் நேராக ஹாரோவுக்கு ஓட்டி வராதீர்கள். அன்றிரவு பட்டறையில் இருந்து அரை மணி தூரத்துக் கேம்ப்சைட் ஒன்றில் எல்லாரும் படுங்கள். ஃபிரிட்ஜ், ஹீட்டர், பம்ப், எல்லா விளக்கும் ஓடட்டும். கூரையைத் தூக்கி இறக்குங்கள், பிள்ளைகளை ஏறிக் குதிக்க விடுங்கள். கிறீச்சிட்டதையும் ஒழுகியதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குத் திரும்பிப் போய் வாசலில் நில்லுங்கள்.