‘அமைதிப் பயன்பாடு’ என்று லெட்டர் தந்தால் வால்வை அனுப்பலாமா?

கோவை கணபதியில் வால்வுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் எழுதுகிறார்: “துபாய் டிரேடர் ஒருத்தர் ஒரு இஞ்ச் மோனெல் பெல்லோஸ் சீல் வால்வு 40 கேட்கிறார். முதலில் ட்ராயிங்கை மெயிலில் அனுப்பச் சொல்கிறார். அமைதியான அணுசக்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று லெட்டரும் தருவாராம். அந்த உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு என்று சர்வதேசச் சட்டமே சொல்கிறதே, அனுப்பலாமுங்களா?”

இப்போதைக்கு ட்ராயிங்கைக்கூட அனுப்பாதீர்கள்.

உரிமை உண்டு என்பது சரிதான். 1970இல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை நாடுகளுக்கு உரியது. டிரேடர் தரும் லெட்டருக்கு அதில் இடமில்லை. அதே ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவோ, சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பு இல்லாமல் அணுப்பொருளையோ அதற்கென்றே செய்த கருவியையோ கொடுக்கக் கூடாது என்கிறது.

இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் பேரழிவு ஆயுதங்கள் பரவாமல் இருக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2004ஆம் ஆண்டு 1540ஆம் தீர்மானம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். அடுத்த ஆண்டே நாம் பேரழிவு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தோம். ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டிய பொருள்கள் ‘ஸ்கோமெட்’ பட்டியலில் இருக்கின்றன.

சரி, உங்கள் வால்வுக்கு வருவோம். யுரேனியத்தைச் செறிவூட்ட அதை ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவாக்குவார்கள். ஈரம் பட்டால் அந்த வாயு அரிக்கும் அமிலத்தைக் கிளப்பும். நிக்கல் அதைத் தாங்கும். பெல்லோஸ், அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்டெம்மைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும் உலோக உறை, இருந்தால் ஸ்டெம் வழியாக வாயு கசியாது, வெளிக்காற்றும் உள்ளே போகாது. அணு உலைக்கு எரிபொருள் செய்கிற ஆலையிலும், குண்டுக்குச் செறிவூட்டுகிற ஆலையிலும் இதே வால்வுதான். அதனால்தான் நம் ஸ்கோமெட் பட்டியலும் தழுவியிருக்கும், அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு வைத்திருக்கும் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அளவுள்ள, பெல்லோஸ் சீல் வைத்த, 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள கலவையில் செய்த வால்வு இருக்கிறது. நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் 400இல் நிக்கல் குறைந்தது 63 சதவீதம். மூன்றும் உங்கள் வால்வுக்குப் பொருந்துகின்றன. அதற்குப் பதில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால், அதில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம்தான், அது இந்த வரையறைக்குள் வராது. ஆனாலும் அணுசக்திக்கு என்று வாங்குபவரே எழுதித் தந்த பிறகு, அதையும் அனுமதி கேட்காமல் அனுப்பாதீர்கள்.

2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன ஒரு கப்பலில் செறிவூட்டும் இயந்திரத்தின் பாகங்கள் பிடிபட்டன. செய்தது மலேசியாவில் ஒரு தொழிற்சாலை; சரக்கு போனது துபாய் வழியாக. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தார்கள் என்றது அந்தத் தொழிற்சாலை. லேத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பாகம் எதற்கு என்றே தெரிந்திருக்காது. அந்த நிலை நம் ஊர்ப் பட்டறைக்கு வரக் கூடாது.

அப்புறம், செய்ய வேண்டியது இதுதான். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் ஆன்லைனில் ஸ்கோமெட் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். ட்ராயிங்கும் ‘தொழில்நுட்பம்’ என்ற கணக்கில் வரும் என்பதால் அதையும் சேர்த்தே கேளுங்கள். இறுதிப் பயன்பாட்டுச் சான்றில் டிரேடர் கையெழுத்து போதாது. வால்வைப் பொருத்தப் போகிற ஆலையே தர வேண்டும். எந்த ஆலை, எந்த லைன், என்ன வாயு என்று இன்றே மெயிலில் கேளுங்கள். “அதெல்லாம் எதற்கு” என்று பதில் வந்தால் ஆர்டரை விட்டுவிடுங்கள், அந்த மெயில்களை மட்டும் அழிக்காதீர்கள்.